கண்ணாடியில் மொட்டைக்குருவி

முதலில் மொட்டையானது ஒரு மைனா. அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்களில் கொண்டையக்காவும் ஒருத்தி. அந்தச் சிரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கு அப்போது தெரியுமா என்ன?

கடை முன்னால், வீடு பின்னால், நடுவில் பத்து எட்டு வைத்தால் முடிந்துபோகிற தோட்டம். ஒரு கொய்யா மரம், இரண்டு செம்பருத்தி, துணி காயப்போடும் கம்பி. முடிவெட்டும் கடையின் பின்சுவரில் காற்றுக்காக ஒரு சன்னல் வைத்திருந்தார்கள். அது சுவர்க்கண்ணாடிக்கு நேர் எதிரே அமைந்துபோயிற்று. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தங்கள் முகத்தைப் பார்க்கிற நேரத்தில் பாதியைக் கண்ணாடிக்குள் தெரிந்த தோட்டத்தைப் பார்த்தே போக்கினார்கள். கத்திரிச் சத்தம் கேட்டாலே வீறிடுகிற பிள்ளைகள்கூட, அங்கே இரண்டு மைனா சண்டைபோட்டால் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் இருப்பார்கள். கடைக்காரருக்கு அது பெரிய சௌகரியம்.

பறவைகளுக்குத் தீனி வைப்பது கொண்டையக்காவின் வேலை. இரும்புக் குழாய் ஒன்றை மண்ணில் நட்டு, அதன் தலையில் பழைய அலுமினியக் குண்டான் ஒன்றைக் கட்டிவைத்திருந்தாள். வாய் குறுகல், வயிறு பெரிசு. அகலமான சட்டி வைத்த காலத்தில் காக்கைகள் வந்து ஒரே வாரலில் காலிசெய்துவிட்டுப் போயின. இது அப்படியில்லை. குருவியும் மைனாவும் தலையைக் கழுத்துவரை உள்ளே விட்டால்தான் அரிசி எட்டும். காக்கை பெரிய தலையை வைத்துக்கொண்டு முழிக்கும். இந்த யோசனைக்காக அவள் தன்னைத் தானே மெச்சிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அவளுக்குக் கொண்டையக்கா என்று பெயர் வந்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. முடிந்துவைத்தால் ஒரு தேங்காய் அளவு இருக்கும். "உங்க கடைக்குப் போர்டே வேணாம்ப்பா. வீட்டம்மாவ வாசல்ல நிக்கச் சொன்னாப் போதும்" என்பார் ஸ்டேஷன் மாஸ்டர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல வருஷமாகியும் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ரயிலைப்போல வந்து நாற்காலியைப் பிடிக்கிறவர் அவர். அவர் உட்கார்ந்தால்தான் தெரு உட்காரும். அவர் சொன்னதைத்தான் தெருவும் சொல்லும்.

கடைக்காரர் அதிகம் பேசாதவர். அவருக்கு ஒரு பழக்கம். கத்திரியைத் தொடுமுன் உள்ளங்கையை ஆளின் உச்சந்தலையில் வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். அதிலேயே சூடு, தூக்கமில்லாதது, மருந்து சாப்பிடுவது எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்கமாட்டார். பொடுகோ, தழும்போ, சொட்டையோ, தலையில் பார்த்ததை வாயால் சொல்வதில்லை. "சொல்ல ஆரம்பிச்சா நாளைக்கு எவன் நம்மள நம்பித் தலையக் குடுப்பான்?" என்பார். அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

மைனாவுக்குப் பிறகு இரண்டு சிட்டுக்குருவி. உச்சியில் இறகு போய், தோல் சிவந்து, காது ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. உடம்பெல்லாம் சரியாக இருக்க, கழுத்துக்கு மேல் மட்டும் உரித்துப்போட்ட மாதிரி. அடுத்து கொண்டைக்குருவி. கொண்டை இல்லாமல் அது செம்பருத்தியில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. அதன் குரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

அன்றைக்குக் கடையில் சிரிப்புக்குக் குறைவில்லை.

"என்னப்பா, வெளியவும் வெட்ட ஆரம்பிச்சிட்டியா? கூலி என்ன, அரிசியா?"

"மெஷின்ல எத்தன நம்பர் போட்ட, ஜீரோவா?"

கடைக்காரரும் சிரித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் கண்ணாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிற விஷயமில்லப்பா இது. நாலஞ்சுக்கு ஒரே மாதிரி வந்திருக்கு. ஒட்டுற வியாதியா இருக்குமோ?"

"பறவைக்கு எறகு உதுர்றது சகஜந்தானே சார்."

"உதுரும். இப்படி தலைய மட்டும் பாத்தா உதுரும்? அதுவும் உன் தோட்டத்துல மட்டும்?" அவர் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துத் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இங்க ஊர் முடியெல்லாம் விழுது. நீ கூட்டிப் பின்னாடி கொட்ற. அதுங்க பொறுக்கிக் கூடு கட்டுது. யாருக்கு என்ன இருக்கோ, யாரு கண்டா?"

பேச்சு அதோடு நின்றுபோயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. முனையில் புதிதாக வந்த கடைக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்கடுத்த ஞாயிறு கடைக்காரர் நாற்காலியைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தார். ஈ ஓட்டக்கூட அங்கே ஈ இல்லை.

மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று கொண்டையக்காவுக்குத் தெரியும். மைனாவுக்கு முன்னாலேயே மொட்டையாக ஆரம்பித்தவள் அவள்தான்.

மூன்று மாதம் இருக்கும். தலை சீவும்போது இடது காதுக்குப் பின்னால் விரல் வழுக்கிற்று. காசு அளவுக்கு ஒரு வட்டம். முடி அறுந்த தடம்கூட இல்லாமல் வழவழவென்று. பிறகு உச்சிக்குக் கீழே இன்னொன்று. அன்றிலிருந்து கொண்டையை இடப்பக்கமாக இறக்கிக் கட்டினாள். தூசி என்று சொல்லித் தலையில் துண்டு சுற்றினாள். தேய்த்தால் கொட்டிவிடும் என்று எண்ணெய் வைப்பதையே விட்டாள். சந்தேகம் வரக்கூடாதென்று பாட்டில் மட்டும் வழக்கம்போல வாங்கிவைத்தாள். காலையில் எழுந்ததும் தலையணையைத் தடவிக் கிடைத்த முடியை அடுப்பில் போட்டாள்.

முடிவெட்டுகிறவன் வீட்டிலேயே முடி கொட்டுகிறது என்று வெளியே தெரிந்தால் கதை முடிந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சந்தேகம்தான் பட்டார். அவளைப் பார்த்தால் சாட்சியே கிடைத்த மாதிரி. இருபத்திரண்டு வருஷத்துக் கடை, ஒரு வாரத்தில் மூடவேண்டியதுதான். அதற்காகவே புருஷனிடமும் மூச்சுவிடவில்லை. அவர் ஊர்த் தலையெல்லாம் தொட்டுப் பார்க்கிறவர், வீட்டுத் தலையை ஏறிட்டுப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு இத்தனை வருஷமும் ஒரு குறை. இப்போது அதுவே நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளே தவிர, நெஞ்சு ஆறவில்லை.

விடிந்ததும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடுவாள். பக்கத்து மாடிவீட்டம்மா எழுந்து சன்னலைத் திறப்பதற்குள் இறகுகளைக் கூட்டியாக வேண்டும். பஞ்சுபோலச் சின்னச் சின்ன இறகு, ஒன்றைக் கூட்டினால் இரண்டு பறக்கும். குனிந்து, நிமிர்ந்து, துண்டு அவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கூட்டி, அவள் படுகிற பாட்டைப் பார்த்துக் கொய்யா மரத்திலிருந்து அந்த மொட்டை மைனா கத்தும். "உனக்கு நான் குடுத்தேனா, எனக்கு நீ குடுத்தியா?" என்று ஒருநாள் அதனிடம் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"யாருகிட்டக்கா பேசுறீங்க?" மேலேயிருந்து குரல் வந்தது. மாடிவீட்டம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"யாருமில்ல, எறும்பத் திட்டுறேன்."

"எறும்பா? அதுங்களாவது நல்லா இருக்கா?" மாடிவீட்டம்மா சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, தீனி வெக்கிறத நிறுத்தச் சொல்லுன்னு. இங்க மாடியில வந்து உக்காருது. பிள்ளைங்க துணி காயுதில்ல."

"நிறுத்திட்டா பசியில செத்துப்போகாதா?"

"அதுக்குன்னு? ஆமா, நீங்க ஏன் எப்பவும் துண்டக் கட்டிக்கிட்டே இருக்கீங்க? அந்தக் கொண்டையப் பாத்தே எத்தன நாளாச்சு."

"தூசிம்மா. ஒரே தூசி."

"தோட்டத்துல என்னக்கா தூசி?"

கொண்டையக்கா விளக்குமாற்றோடு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மத்தியானம் கடைக்காரர் சாப்பிட வந்தார். சீக்கிரமே வந்துவிட்டார், கடையில் ஆள் இருந்தால்தானே. அவள் சோற்றைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். இப்போதெல்லாம் இடது காது அவர் பக்கம் இருக்கும்படி அவள் நிற்பதில்லை.

"என்னங்க, குண்டான எடுத்துரட்டுமா?"

"எதுக்கு?"

"எல்லாரும் பேசுறாங்களே."

"பேசட்டும்." குழம்பைப் பிசைந்தார். "எண்ணெய் இருக்கா, தீந்துபோச்சா?"

"எந்த எண்ணெய்?"

"தலைக்கு வெக்கிறதுதான். பாட்டில் சீக்கிரம் தீருதேன்னு கேட்டேன்."

இந்த மனுஷன் ஒருநாளும் எண்ணெயைப் பற்றிக் கேட்டவரில்லை. "அந்த மளிகைக்காரன் ஏமாத்துறான்" என்று படபடவென்று பேசினாள். "எந்தப் பாட்டிலத் திறந்தாலும் நாலு நாள்ல ஒரு காறல் வாடை. கண்ணெல்லாம் எரியுது. போய்ச் சண்டைகூடப் போட்டுட்டு வந்தேன். அவன் சத்தியம் பண்றான்."

கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சோற்றை எடுத்து அதில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை செம்பருத்திக்கு அடியில் கொண்டைக்குருவி கிடந்தது. சாகவில்லை. கண்ணைச் சுற்றி வீங்கி, கழுத்தை மண்ணில் தேய்த்துத் தேய்த்துக் குழி பண்ணியிருந்தது. கொண்டையக்காவுக்கு ஒரு வேகம் வந்தது. முடிவெட்டும் மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் துணியைப் போட்டுக் குருவியை வைத்து, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பெட்டிக்குள் அது கீறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. சத்தம் நின்றால் நின்று திறந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு கன்றுக்குட்டி, இரண்டு நாய், ஒரு ஆடு. எல்லாம் முடிந்து அவள் முறை வந்தபோது டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் குருவியைக் கையில் எடுத்தார்.

"எத்தன பறவைக்கு இப்படி?"

"ஏழெட்டு இருக்கும் சார். எல்லாம் தலையிலதான்." அவள் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டாள். "இது பறவைகிட்டருந்து மனுஷங்களுக்கு ஒட்டுமா சார்?"

"இதுவா? ஒட்டாது."

"மனுஷங்ககிட்டருந்து பறவைக்கு?"

டாக்டர் அவளையும் அவள் தலைத்துண்டையும் ஒரு தடவை பார்த்தார். பஞ்சை எடுத்துக் குருவியின் கழுத்தில் ஒற்றி முகர்ந்தார். பிறகு பஞ்சை அவளிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க. என்ன வாடை?"

அதே காறல் வாடை. கண்ணை எரிக்கிற அதே நெடி. "எங்க வீட்டு எண்ணெய் சார் இது! கெட்டுப்போச்சேன்னு, கொட்ட மனசில்லாம, எறும்பு ஏறாம இருக்க அந்தக் குழாய்லயும் குண்டான் வாயிலயும் தடவி விட்டேன். தினமும் தடவுவேன்."

"குண்டானா?"

அவள் கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். கழுத்தளவு வாய். அதற்குள் தலையை விட்டால்தான் அரிசி. சொல்லச் சொல்ல அவளுக்கே விளங்கிவிட்டது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும், அவள் கையாலேயே தடவிய எண்ணெயில் தலையைத் தோய்த்திருக்கின்றன அந்த வாயில்லா ஜீவன்கள். "அட பாவி, நானா!" என்று தலையில் கையை வைத்தாள்.

"கெட்டுப்போன எண்ணெய் இல்லம்மா இது" என்றார் டாக்டர், வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துக் குருவியின் தலையைத் துடைத்துக்கொண்டே. "புழுவெட்டுக்குப் போடுற மருந்து. காரம். சொட்டை விழுந்த எடத்துல கொஞ்சமாத் தேய்ப்பாங்க. எங்கண்ணன் ஒரு வருஷம் தேய்ச்சான், வீடே இந்த நாத்தம்தான். மனுஷத் தோலுக்கே எரியும். குருவி என்ன பண்ணும்? அரிக்குதுன்னு தேய்ச்சுத் தேய்ச்சே எறகப் போக்கிக்கிச்சு. சுத்தமாக் கழுவி வைங்க. அடுத்த தடவ எறகு மாத்தும்போது தானா மொளைச்சிடும்."

"அந்தப் புழுவெட்டு... அது ஒட்டுமா சார்?"

"அவன்கூட ஒரே தலையணையில படுத்தவன் நான்." டாக்டர் ஈரக்கையால் தன் அடர்ந்த முடியைக் கலைத்துக் காட்டினார். "ஒட்டாது. நிறையப் பேருக்குத் திரும்ப வந்துரும். மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

பெட்டியோடு திரும்பி நடந்தவளுக்குப் பாதி வழியில்தான் அந்தக் கேள்வி உறைத்தது. மளிகைக்காரன் மருந்தா கலப்பான்? மூன்று பாட்டில். மூன்றிலும் நாலாம் நாள் வாடை. வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவள் நடையை எட்டிப் போட்டாள். பிறகு ஏறக்குறைய ஓடினாள்.

கடைக்காரர் கத்திரிகளைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் பெட்டியைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

"எப்ப பாத்தீங்க?"

என்ன என்று அவர் கேட்கவில்லை. கத்திரியைக் கீழே வைத்தார். "நீ இங்க குனிஞ்சு முடி கூட்டிக்கிட்டு இருந்த. ஃபேன் காத்துல வெலகிச்சு. சித்திர மாசம்."

"அன்னிக்கே?"

"அன்னிக்கே. கடைக்குச் சாமான் குடுக்கிறவர்கிட்ட மருந்து கேட்டு வாங்கினேன். உன் எண்ணெய்ல கலந்து வச்சேன். பாட்டில் கொறையக் கொறைய, தேய்க்கிறா, சரியாயிடும்னு நிம்மதியா இருந்தேன்."

"நான் தேய்க்கல. குருவிக்குத் தேய்ச்சேன்."

அவள் நடந்ததைச் சொல்லி முடித்தபோது கடைக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மொட்டைத் தலையை நீட்டி அதுவும் அவரைப் பார்த்தது. அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க ஒரு வார்த்த சொல்லல?"

"தலையில பாத்தத வாயால..."

"நான் என்ன உங்க கஸ்டமரா?" அவள் போட்ட சத்தத்தில் குருவி பெட்டிக்குள் படபடத்தது. "மூணு மாசம்! தலையணையத் தடவி, முடியப் பொறுக்கி, அடுப்புல போட்டு, நீங்க எந்தப் பக்கம் வர்றீங்கன்னு பாத்துப் பாத்து நின்னு... நீங்க பாக்கவே இல்லன்னு நெனச்சேன்யா. ஒருநாளும் என்னப் பாக்கவே இல்லன்னு நெனச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா நீ ஒடைஞ்சு போவியோன்னு பயமா இருந்துச்சு" என்றார். "சரி, விடு. குண்டான எடுத்துருவோம். பறவைக்குச் சரியாயிடும். யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சொல்லலன்னா? வியாதின்னு சொன்னவங்க வியாதின்னே நெனப்பாங்க. கடை?"

"எண்ணெய்னு சொல்லலாம்."

"என்ன எண்ணெய்னு கேப்பாங்க. எதுக்குக் கலந்தீங்கன்னு கேப்பாங்க. அந்த ஆளு ஸ்டேஷன் மாஸ்டரு, ஒரு டிக்கெட்டுக்கு நாலு கேள்வி கேக்குறவரு."

"கடை போனாப் போகுது" என்றார் கடைக்காரர். "உன்ன நாலு பேரு பாத்துச் சிரிக்க விடமாட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. அந்தச் சொல்லில் பாதிக் கோபம் கரைந்துபோனது. மீதிக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் அவள் இரண்டு நாள் யோசித்தாள். அந்த இரண்டு நாளும் குண்டானைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், குழாயைத் தேய்த்தாள். நெடி போனபிறகும் தேய்த்தாள். உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடை திறந்து ஒரு மணி நேரமாகியும் ஆளில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைப்பக்கம் திரும்பாமல், எதிர்ச்சாரியில் ஏறி முனைக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். கொண்டையக்கா வாசலுக்கு வந்தாள்.

"சார், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க."

"வேல இருக்கும்மா..."

"சவரம்தானே சார் வேல. ஒரு நிமிஷம் தாமதமானா ரயில் போயிடாது. வாங்க."

அவர் வந்து படியில் ஒரு காலை வைத்து நின்றார். கொண்டையக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைக்காரர் பதறிப்போய், "கதவச் சாத்தட்டுமா?" என்றார்.

"தெறந்தே இருக்கட்டும்."

துண்டை அவிழ்த்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முடி முதுகில் விழுந்ததும் தலையைத் திருப்பி, இடது காதை மடக்கி, வாசலுக்கு நேராகக் காட்டினாள். காது மடலெல்லாம் கொதித்தது. குரல் மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

"பறவைக்கு வியாதி இல்ல சார். எனக்குத்தான். புழுவெட்டு. ஒட்டாது, டாக்டர் சொல்லிட்டாரு. இதுக்குன்னு இவரு வாங்கி வச்ச மருந்து எண்ணெய, கெட்டுப்போச்சுன்னு நான் அந்தக் குண்டான் வாயில தடவித் தொலைச்சேன். எறும்புக்காக. அதுல தலைய விட்டு விட்டுத்தான் அதுங்களுக்கு எறகு போச்சு. இவரு கைமேலயோ கத்திரிமேலயோ ஒரு குத்தமும் இல்ல. நம்பினா வாங்க, நம்பலன்னா முனைக்கடைக்குப் போங்க."

நாலு கேள்வி கேட்கிற ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒன்றுகூட வரவில்லை. படியில் வைத்த காலை எடுக்கவும் இல்லை, மற்றக் காலை வைக்கவும் இல்லை.

"வெட்டி விடுங்க" என்றாள் கொண்டையக்கா கண்ணாடியைப் பார்த்து. "ஒட்ட வெட்டுங்க. மருந்து போட சௌகரியமா இருக்கும். இனி நீங்களே போட்டு விடணும்."

கடைக்காரர் துணியை உதறி அவள் கழுத்தில் சுற்றினார். கண்ணாடிக்குள், கழுவிக் கவிழ்த்திருந்த குண்டானைச் சுற்றி மொட்டை மைனா பறந்து பறந்து தேடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் செய்வதுபோல அவர் உள்ளங்கையை அவள் உச்சந்தலையில் வைத்தார். அழுத்தினார். கையை உடனே எடுக்கவில்லை.

"எடது காதுக்குப் பின்னால ஒண்ணு" என்றார் சத்தமாக. அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும், ஒருதடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். "உச்சிக்குக் கீழ ஒண்ணு. கழுத்தோரமா, வலப்பக்கம், சின்னதா ஒண்ணு."

படியில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு பெஞ்சில் யாரோ உட்காருகிற சத்தம். கொண்டையக்கா திரும்பவில்லை.

"மூணாவது எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும். அது வந்து பத்து நாளாச்சு."

"இனிமே வந்த அன்னிக்கே சொல்லிடணும்" என்றாள் அவள்.

"சொல்றேன்" என்று கத்திரியை எடுத்தார்.